பதினொரு பேருக்கும் ஒரே மூச்சு

தம்பி, அந்த போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கறீங்களா? இல்ல இல்ல, குறைக்காதீங்க. அந்தச் சிரிப்பு முடியட்டும். முடிஞ்சுதா? ஹ்ம். எப்படி இருக்கு சிரிப்பு? நான்தான் அது. சத்தியமா தம்பி. 'ஏழு துறை'தானே ஆடறீங்க? ஓடத்துல ஏறினீங்க, ஓடக்காரன் நடு ஆத்துல திரும்பிப் பார்த்துச் சிரிச்சான், ஓடம் கவுந்துது, செத்துட்டீங்க. அந்த ஓடக்காரனுக்குக் குரல் கொடுத்தவன் உங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கான். பேரு சிகாமணி. டப்பிங் ஆர்ட்டிஸ்ட். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்.

என்னது? பஸ்ல ஏறினப்ப "இது யாரு சீட்டு"ன்னு கேட்டேனே, அப்பவே தெரிஞ்சுபோச்சா? சும்மா சொல்லாதீங்க. அது என் சொந்தக் குரல். அதை நான் எந்த வேஷத்துக்கும் கொடுத்ததே கிடையாது. ஏதோ குத்துமதிப்பா நினைச்சிருப்பீங்க, இப்ப தெரிஞ்ச மாதிரி தோணுது.

எத்தனை நாளா ஆடறீங்க? ஒரு வாரம்தானா? அப்ப உங்களுக்குப் பழைய கதை தெரியாது. அந்த ஓடக்காரன், வேம்பன்னு பேரு, ரெண்டு வருஷமா நல்லவன் தம்பி. இந்த விளையாட்டுலேயே ஒரே நல்லவன். கெடுத்துட்டாங்க. ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு உருவாக்கினதைப் பத்து நிமிஷ மீட்டிங்குல கெடுத்துட்டாங்க. நீங்க விழுப்புரமா? நான் திண்டிவனம். ரெண்டு மணி நேரம் இருக்கு. கேளுங்க.

சினிமாவுல நான் யாருக்குப் பேசியிருக்கேன்னு நினைக்கறீங்க? தெலுங்குல இருந்து வர்ற படத்துக்கெல்லாம் வில்லன் நான்தான். வில்லன்னா பெரிய வில்லன்கூட இல்ல, பெரிய வில்லனுக்குப் பக்கத்துல நிக்கறவன். "டேய், தூக்குடா அவளை"ன்னு சொல்றானே, அவன். கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி கஸ்தூரியை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இன்டர்வல்ல முன் சீட்டு அம்மா ஒருத்தி என் குரலைச் சொல்லிச் சொல்லி, நாசமாப் போறவன், நாக்கு அழுகிப் போறவன்னு சாபம் விடறா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேலை நல்லா வந்திருக்குன்னுதானே அர்த்தம்? கஸ்தூரி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் என் படம் எதுக்கும் வந்ததில்ல. ரசனை இல்லாத பொம்பளைன்னு விட்டுட்டேன்.

பரனூர் டோல்கேட்டா? வண்டி நிக்கட்டும், நிக்கட்டும்.

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி பெருங்குடியில ஒரு கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. ஆன்லைன்ல ஆடற விளையாட்டு, ஆயிரக்கணக்கான பேரு ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கிட்டு ஒரே ஊர்ல சுத்துவாங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்க புதுக்கதை விடுவோம், அதுக்குப் பேரு சீசன், அப்படின்னாங்க. கதை எழுதற பொண்ணு ஜெசிந்தான்னு, நாகர்கோவில் பக்கம். நல்ல பொண்ணுதான், ஆனா பிடிவாதம். அதுவரைக்கும் விளையாட்டுல எல்லாரும் எழுத்துலதான் பேசிக்கிட்டிருந்திருக்காங்க. திரையில எழுத்து வரும், ஆடறவன் படிச்சுக்குவான். இப்பதான் முதல்முதலா குரல் போடறாங்க.

மொத்தம் பதினொரு ஆம்பளை வேஷம். ஓடக்காரன், சுங்கக்காரன், செத்துப்போன ராஜாவோட ஆவி, வைத்தியர், திருட்டு வியாபாரி, இப்படி. ஜெசிந்தா என்ன சொல்லுது, "சார், நாலு பேரு பிரிச்சுப் பேசினா நல்லா இருக்கும்." நான் சிரிச்சேன். "பொண்ணே, ஒரு படத்துல போலீஸ்காரன், டீக்கடைக்காரன், டாக்டர், கூட்டத்துல கத்தறவன், அத்தனை பேருக்கும் நான் ஒருத்தனே பேசியிருக்கேன். ஜனங்க கண்டுபிடிச்சாங்களா? எனக்கு ஒரு வாய் போதும்"னேன். எங்க தொழில்ல அதுதான் வழக்கம் தம்பி. துண்டு வேஷத்துக்கெல்லாம் தனித்தனியா ஆள் கூப்பிட மாட்டாங்க. ஒரே ஆளு மைக் முன்னாடி நின்னு ஊரையே பேசிட்டுப் போயிடுவான். அதுல ஒரு கித்தாப்பு இருக்கு.

பதினொண்ணுக்கும் பதினொரு குரல் வெச்சேன். ஒண்ணு மூக்குல, ஒண்ணு அடித்தொண்டையில, ஒண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டு. வேம்பனுக்கு மட்டும் எதுவும் பண்ணலை. மெதுவா பேசினேன், அவ்வளவுதான். ஹ்ம். அவனுக்கு எழுதியிருந்த வரி அப்படி. "வாங்க, ஏறிக்கோங்க. முகம் வாடியிருக்கே, சாப்பிட்டீங்களா? அவசரமில்ல, ஆறு எங்கேயும் போயிடாது." முப்பது வருஷத்துல யாரையும் சாப்பிட்டியான்னு கேக்கற வேஷம் எனக்கு வந்ததே இல்ல தம்பி. முதல் தடவை சொன்னப்ப பாதியில நிறுத்திட்டேன். தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் சொன்னேன்.

சவுண்ட் பையன் ரஃபீக்னு ஒருத்தன். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, "சார், ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் ஒரு 'ஹ்ம்' வருது சார், மூச்சு மாதிரி. வெட்டிடட்டுமா?"ங்கறான். எனக்கு வந்தது கோவம். எந்த 'ஹ்ம்'? நான் அப்படியெல்லாம் பண்றதே கிடையாது. சினிமாவுல நடிகன் வாய் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுத்து நாங்க தயாரா நிக்கணும், அது வேற. "மூச்சுல கைவெச்சா நான் எழுந்து போயிடுவேன்"னேன். அவன் கைவெக்கலை.

சரி, நான் வீட்டு விஷயத்துக்கு வரேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குள்ள நுழைஞ்சா பேச மாட்டேன். தொண்டைதானே சோறு போடுது? பாடறவங்க எத்தனை பேரு அப்படி இருக்காங்க. வாசல்ல செருப்பை விட்டேன்னா வாய் மூடிக்கும். சிலேட்டு ஒண்ணு வெச்சிருக்கேன், பள்ளிக்கூடத்துப் பசங்க சிலேட்டு. 'காபி.' 'கரண்ட் பில் கட்டியாச்சா?' 'நாளைக்கு ஏழு மணிக்கு எழுப்பு.' கல்யாணமான முதல் வாரத்துல இருந்து இதுதான். முப்பது வருஷம். இந்த மாதிரி கட்டுப்பாடு இந்தத் தொழில்ல வேற எவனுக்கும் கிடையாது. என் பொண்ணு மூணு வயசுலயே எழுத்துக்கூட்டிப் படிச்சா. டீச்சரே ஆச்சரியப்பட்டாங்க. எப்படி வந்தது? அப்பன் சிலேட்டு! இப்ப ஓசூர்ல கட்டிக்கொடுத்திருக்கோம். போன் பண்ணினா அம்மாகிட்டதான் பேசுவா.

பஸ்ல மட்டும் இப்படிப் பேசறேனேன்னு பாக்கறீங்களா? சில ஆளைப் பார்த்தா பேசணும்னு தோணும். நீங்க நல்லா கேக்கறீங்க.

குரல் போட்ட விளையாட்டு வெளிய வந்தது. பொண்ணு ஊருக்கு வந்திருந்தப்ப அம்மா போன்ல அதைப் போட்டுக்கொடுத்துட்டுப் போயிட்டா. கஸ்தூரிக்கு ஆடத் தெரியாது. கத்தி எடுக்கத் தெரியாது, சண்டை போடத் தெரியாது, முதல் ஊரைத் தாண்டினதே இல்ல. அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். துறைக்கு நடந்து போவா. ஓடத்துல ஏறுவா. வேம்பன் பேசுவான். அக்கரையில இறங்குவா. மறுபடியும் ஏறி இக்கரைக்கு வருவா. காலையில குக்கர் விசில் வர்றதுக்குள்ள நாலு தடவை, மத்தியானம் பாத்திரம் கழுவிட்டு ஒரு பத்து தடவை. வேம்பனுக்கு மொத்தம் நாற்பத்திரண்டு வரி. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் நான் ஹால்ல வெந்நீர் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உள்ள என் குரல் கேக்குது. "முகம் வாடியிருக்கே, சாப்பிட்டீங்களா?" கஸ்தூரி பதில் சொல்றா தம்பி. போனைப் பார்த்து. "ஆச்சுங்க, இப்பதான். நீங்க?"ங்கறா. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அவ்வளவு தத்ரூபமா பேசியிருக்கேன் பாருங்க! சொந்தப் பொண்டாட்டியே நிஜ ஆளுன்னு நினைச்சுக்கற அளவுக்கு. இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேணும்? சிலேட்டுல 'சபாஷ்'னு எழுதி எனக்கு நானே வெச்சுக்கிட்டேன். முப்பது வருஷம் கழிச்சு அவளுக்கு ரசனை வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

அவளுக்கு மட்டுமில்ல. ஊரே வேம்பன் பைத்தியம். அடுத்த சீசன் வேம்பன் கதைன்னு முடிவு பண்ணினாங்க. காணாமப் போன தம்பியைத் தேடி வேம்பன் ஓடத்தை விட்டு இறங்கி ஏழு துறையும் நடக்கறான். ஜெசிந்தா நாற்பது பக்கம் எழுதி வெச்சிருந்தது. வாங்கிப் படிச்சுட்டு ராத்தூக்கம் இல்ல எனக்கு. அதுல ஒரு இடத்துல வேம்பன் பாடறான்.

அப்பதான் வந்தான், திருச்சியில ஏதோ பாலிடெக்னிக்ல படிக்கற ஒருத்தன். ஹ்ம். சினிமாவுல ஒரு வரியை ஒரு தடவை கேட்டுட்டு ஜனங்க வீட்டுக்குப் போயிடும். விளையாட்டு ஆடற இவனுங்க அப்படியில்ல. ஒரே ஆளை நூறு தடவை தட்டித் தட்டி, ஒரே வரியை நூறு தடவை கேக்கறானுங்க. அது எனக்கு யாரும் சொல்லலை. இவன் என்ன பண்ணினான், பதினொரு பேரோட குரலையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரு வீடியோ போட்டுட்டான். ஓடக்காரன், ஹ்ம். சுங்கக்காரன், ஹ்ம். ராஜாவோட ஆவி, ஹ்ம். பதினொரு ஹ்ம். "இவங்க பதினொரு பேரும் ஒரே ஆளு. மூச்சைக் கேளுங்க. கதாசிரியர் ரெண்டு வருஷமா நம்ம மூக்குக்கு முன்னாடியே ரகசியத்தை வெச்சிருக்காங்க"ன்னு தலைப்பு. லட்சம் பேரு பார்த்தாங்க. ஆளாளுக்கு எழுதித் தள்ளறாங்க. ஆமா, ராஜா செத்த அன்னைக்கு ஓடக்காரன் எங்க இருந்தான்? வைத்தியரும் வியாபாரியும் ஏன் ஒரே நேரத்துல ஒரே இடத்துல வர்றதில்ல?

ஒட்டு வேலை தம்பி! மிஷின்ல என்னமோ பண்ணி அந்த ஹ்ம்மை அவனே சேர்த்திருப்பான். நான் சொன்னேன், எவன் கேக்கறான்.

ஜெசிந்தா கூப்பிட்டுச்சு. முகம் செத்துப்போச்சு அந்தப் பொண்ணுக்கு. "சார், வேம்பன் கதையை விட்டுட்டோம். மேல சொல்லிட்டாங்க. அவங்க கண்டுபிடிச்சதையே கதையாக்கணுமாம். பதினொரு பேரும் ஒரே மாயாவி. பேரு பதினொருமுகன்"னுச்சு. எண்ணிப் பார்த்துப் பேரு வெச்சிருக்காங்க! "மத்த பத்தையும் வேற ஆளை வெச்சுப் பேசவைங்க, வேம்பனை விட்டுடுங்க"ன்னேன். நானா சொன்னேன், பாருங்க, எவ்வளவு இறங்கி வந்தேன்னு. "எழுத்தா இருந்தப்ப ராத்திரியோட ராத்திரியா மாத்திடுவோம் சார். குரலை மாத்த முடியாது. கேட்டவங்க காதுல இருக்கு. இப்ப மாத்தினா, மறைக்கறாங்கன்னு இன்னும் உறுதியாயிடும்"னுச்சு. அப்புறம் ரொம்ப மெதுவா, "நாலு பேரை வெச்சிருக்கலாம் சார்"னுச்சு. எப்படி இருக்கு கதை? கடைசியில தப்பு என் மேல!

மேல்மருவத்தூர் வந்தாச்சா. கூட்டம் இறங்கட்டும்.

மூணு நாள் நான் போகலை. பேச மாட்டேன்னுட்டேன். வேம்பன் வாயால "என்னை நம்பி ஏறினீங்களே"ன்னு நான் சொல்லணுமாம். முடியாதுன்னேன். சொல்லி அனுப்பினாங்க, "சார் வரலைன்னா பரவாயில்ல, வசனம் இல்லாமலே ஓடத்தைக் கவுத்துடறோம், வேம்பன் சும்மா திரும்பிப் பார்ப்பான்." சும்மா! பேச்சே இல்லாமலா? என் வேஷம் ஊமையா நிக்கறதை நான் எப்படித் தம்பி பார்த்துக்கிட்டிருப்பேன்?

போனேன். மைக் முன்னாடி நின்னேன். ஒரே டேக். "என்னை நம்பி ஏறினீங்களே." அப்புறம் அந்தச் சிரிப்பு. எழுதியிருந்தது 'சிரிக்கிறான்'னு மட்டும்தான். நான் எட்டு செகண்ட் சிரிச்சேன். தெலுங்குப் படத்துல இருந்து நான் சேர்த்து வெச்ச அத்தனையும் அதுல இறக்கினேன். முடிச்சப்ப ரஃபீக் ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டுக் கைதட்டறான். வெளிய நின்னவங்க எல்லாம் கைதட்டறாங்க. முப்பத்தொரு வருஷத்துல எனக்குக் கைதட்டினது அன்னைக்கு ஒருநாள்தான். ஜெசிந்தா மட்டும் தட்டலை. நான் கொன்னது என் வேம்பனை, கைதட்டு கிடைச்சது அதுக்கு. வயிறு எரியுது தம்பி, இப்ப சொன்னாலும் எரியுது.

கஸ்தூரிகிட்ட சொல்லலை. சிலேட்டுல எவ்வளவு எழுத முடியும்?

புது சீசன் வந்த அன்னைக்குக் காலையில வழக்கம் போல ஹால்ல உட்கார்ந்திருக்கேன். உள்ள கேக்குது. "வாங்க, ஏறிக்கோங்க. முகம் வாடியிருக்கே, சாப்பிட்டீங்களா?" அவ சொல்றா, "இன்னும் இல்லைங்க. இட்லி ஊத்தியிருக்கேன்." அப்புறம் நடு ஆறு. "என்னை நம்பி ஏறினீங்களே." எட்டு செகண்ட். தண்ணி சத்தம். மறுபடியும் துறைக்குப் போறா. மறுபடியும் ஏறறா. மறுபடியும் சிரிப்பு. மூணு தடவை ஏறினா தம்பி. மூணாவது தடவை அவன் சாப்பிட்டீங்களான்னு கேட்டப்ப அவ பதில் சொல்லலை.

கையைத் துடைச்சுக்கிட்டே வந்து என் முன்னாடி நின்னா. "ஏங்க, அந்தப் பழைய வரியை ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்களேன்"ங்கறா. "எதை"ன்னு கையால கேட்டேன். "சாப்பிட்டியான்னு. போன்ல வேணாம். இங்க, நேர்ல."

மறுநாள் எனக்கு ரெக்கார்டிங் கால் தம்பி. பதினொருமுகனுக்கு இன்னும் அறுபது வரி பாக்கி, பாதி கத்தல். தொண்டையை ஒரு வாரமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். உங்களுக்கே தெரியும், நியாயம்தானே? சிலேட்டை எடுத்து 'நாளைக்கு ரெக்கார்டிங்'னு எழுதிக் காட்டினேன். படிச்சா. சிலேட்டை என் கையில இருந்து வாங்கி, முந்தானையால நல்லா துடைச்சு, இருந்த இடத்துலயே வெச்சா. இட்லி கொண்டுவந்து வெச்சா. சாயங்காலம் பையோட வந்து, "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னா. தலையாட்டினேன்.

நாற்பது நாள் ஆச்சு. ஒரு விளையாட்டுக்காக யாராவது கோவிச்சுக்கிட்டுப் போவாங்களா? அவனுங்க பண்ணின துரோகத்துக்கு என் வீட்டுல அடுப்பு அணைஞ்சு கிடக்கு. வாட்ஸ்அப்ல தினமும் அனுப்பறேன். 'எப்ப வரே?' 'கேஸ் தீர்ந்துபோச்சு.' டிக் நீலமாகுது, பதில் இல்ல. நேத்து அவ அண்ணன் ஏகாம்பரம் போன் பண்ணி, "மாப்ளே, எதுவா இருந்தாலும் நேர்ல வந்து ரெண்டு வார்த்தை பேசி அழைச்சுட்டுப் போங்க, வந்துடும்"னாரு. அதான் திண்டிவனத்துக்குக் கிளம்பிட்டேன். எனக்கு வீம்பு கிடையாது.

அந்த சிலேட்டா? கொண்டுவந்திருக்கேனே. இதோ பையில. 'வா, போகலாம்'னு வீட்டுலயே எழுதி எடுத்துட்டு வந்துட்டேன். எழுத்து அழியக்கூடாதுன்னு துண்டு சுத்தி வெச்சிருக்கேன் பாருங்க.

இது என்ன, ஆத்தூர் டோல்கேட்டா? அடடா, திண்டிவனம் வரப்போகுதே. தொண்டை கரகரங்குது. உங்களால கெட்டேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு கால், அடுத்த சீசன், எண்பது வரி. இனிமே நான் வாயைத் திறக்கக்கூடாது. ஹ்ம்.

தம்பி, ஒரு உதவி. என் போன்ல கஸ்தூரிக்கு நீங்க ஒரு போன் போட்டு, ரெண்டு வார்த்தை சொல்லிடறீங்களா? பஸ் ஸ்டாண்டுக்கு வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லுங்க. பையை எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. அப்புறம், அந்த சாப்பிட்டியாங்கறதையும் கேட்டுடுங்க. உங்க குரல் நல்லாத்தான் இருக்கு, போதும். யார் கேட்டா என்ன, கேள்வி ஒண்ணுதானே?

ரிங் போகுதா? எடுத்துட்டாளா? என்ன என்னையே பாக்கறீங்க, பேசுங்க தம்பி, பேசுங்க.